நாரி நோவும் கைகளால் செய்யும் சிகிச்சையும்

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்களில் நாரி நோ இல்லாத வீடு குறைவு. இரவல் காணியில் பற்றை வெட்டுவதும், தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமப்பதும், சீமெந்து நிலத்தில் பாய் விரித்துப் படுப்பதும் முள்ளந்தண்டைப் பதம் பார்த்துவிடுகின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், “ஒஸ்டியோபதி செய்து பாருங்கோ அம்மா” என்கிறார்கள். அது என்னவென்று தாய்மார் பலர் கேட்பதால் இதனை எழுதுகின்றோம்.

ஒஸ்டியோபதி என்பது கைகளால் தசையையும் மூட்டையும் இளக்கிக் குணம் தேடும் முறை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாழ்ந்த அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற வைத்தியர் 1874இல் இதனைத் தொடக்கினார். இன்று அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் சத்திரசிகிச்சையும் செய்யும் முழு வைத்தியர்கள். பிரித்தானியாவில் இவர்கள் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று, பெரும்பாலும் கைகளாலேயே சிகிச்சை செய்கின்றனர். எமது ஊர்களில் இதற்குக் கிட்டியவர்கள் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரும், அரசாங்க ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவரும். மூன்றும் ஒன்றல்ல, ஆனால் நோயாளி எதிர்பார்க்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றே.

நல்லவர் முதலில் கேள்வி கேட்பார். நோ எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, காலுக்கு இறங்குகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு மெலிந்ததா என்றெல்லாம் விசாரிப்பார். குனிந்து நிமிரச் சொல்வார். காலைத் தூக்கிப் பார்ப்பார். உடுப்பைச் சற்றுத் தளர்த்த வேண்டியும் வரலாம். பெண்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றுமே கேளாமல் முதுகில் ஏறி மிதிப்பவரிடம் படுக்காதீர்கள்.

மூட்டை அசைக்கும்போது சிலவேளை ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அது விலகிய எலும்பு இடத்தில் விழுந்த சத்தமல்ல. மூட்டு நீருக்குள் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம். அது கேட்காவிட்டாலும் குறையில்லை. அடுத்த ஓரிரு நாட்கள் உடம்பு நோகலாம், பயப்பட வேண்டாம். கழுத்தைச் சடுதியாகத் திருப்ப மட்டும் விடாதீர்கள். அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்ததுண்டு.

பலன் எவ்வளவு? வழமையான நாரிப்பிடிப்பு பெரும்பாலானோருக்கு ஆறு கிழமைக்குள் தானாகவே நன்கு குறையும். கைச்சிகிச்சை அந்த நாட்களை ஓரளவு இலகுவாக்கும், அவ்வளவுதான். பிரித்தானியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியும் அதனை உடற்பயிற்சியுடன் சேர்த்தே செய்யச் சொல்கிறது. படுத்தே கிடந்தால் நோ நீடிக்கும், மெல்ல நடமாடுங்கள். ஒரு பெரிய குடத்தை இடுப்பில் ஏற்றாமல், இரு சிறிய வாளிகளில் இரு கைக்கும் பங்கிட்டுத் தண்ணீர் கொண்டு வாருங்கள். நாலைந்து தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். இருபது தடவைக்கு முற்பணம் கேட்பவருக்காக நகையை அடைவு வைக்க வேண்டாம்.

சில நோவுகளில் முதுகை உருவவே கூடாது. சலம் அடைபட்டாலோ, அடக்க முடியாமற் போனாலோ, தொடைகளுக்கிடையில் விறைத்தாலோ, கால் சோர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று பார்த்திருந்தால் அந்தக் குறை வாழ்நாள் முழுவதும் நிலைக்கலாம். கிழமைக்கணக்கில் காய்ச்சலும் இரவில் வியர்வையும் மெலிவும் சேர்ந்திருந்தால் அது முள்ளந்தண்டுக் காசநோயாக இருக்கலாம். அதற்கு உருவுதல் ஆபத்து. மருந்து அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். பனையால் விழுந்தவர்களுக்கும், எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்கும் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உடம்பில் ஷெல் துண்டு தங்கியிருப்பவர்கள், வைத்தியர் கேளாவிட்டாலும் தாங்களாகவே சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு தொலைந்திருந்தால் தழும்பைக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. படமெடுக்க அனுப்பினால் இதை மறைக்கவே கூடாது. அந்தப் பொறியின் காந்தம் உள்ளே கிடக்கும் இரும்பை அசைக்கக்கூடியது.