'சின்ன ஊர்ல பிரேக் தேயாது' என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

"அண்ணே, நான் மலேசியா பக்கமே போறதில்ல. வீடு, ஆபீஸ், ஞாயித்துக்கிழமை தேக்கா. இதுல பிரேக் எப்படித் தேயும்?"

போன வாரமும் இதைக் கேட்டேன். அதற்கு முந்தைய வாரமும் கேட்டேன். சக்கரத்தைக் கழற்றி, அப்பளம்போல மெலிந்துபோன பிரேக் பேடைக் கையில் கொடுத்த பிறகும், பழைய பேடைக் காட்டி ஏமாற்றுகிறேனோ என்று சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுபவர்கள் இப்படிப் பேசும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பட்டறையில் ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்: சிங்கப்பூர் சிறிய தீவு என்பதால் பிரேக் தேயாது என்பது சுத்தப் பொய். தினசரி உள்ளூர் ஓட்டம்தான் பிரேக்கைத் தின்கிறது.

கார் ஓடும்போது பிரேக் தேய்வதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது தேய்கிறது. சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட் இறுக்கிப் பிடிக்கிறது. காரின் வேகம் முழுவதும் அங்கே வெப்பமாகிறது. 1,400 கிலோ எடையுள்ள காரை 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பத்தில், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒவ்வொரு முறையும் பேடிலிருந்து கொஞ்சம், டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் பொடியாக உதிர்கிறது. முன்சக்கர ரிம்மில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒட்டும் கரும்பொடியில் பெரும்பகுதி உங்கள் பிரேக்தான்.

இப்போது இரண்டு பயணங்களை எண்ணிப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறீர்கள். சோதனைச் சாவடி நெரிசலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால், கோலாலம்பூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீரான ஓட்டம். டோலிலும் ஓய்விடத்திலும் விட்டால் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. அடுத்த ஞாயிறு மாலை, தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக முஸ்தபா போகிறீர்கள். முழுதாக ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சரக்கு லாரி நிற்கிறது, பிரேக். பஸ் நிறுத்தத்திலிருந்து கிளம்புகிறது, பிரேக். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் கூட்டம் கடக்கிறது, பிரேக். சையது ஆல்வி ரோட்டில் திரும்பினால் டாக்சி வரிசை, மறுபடியும் பிரேக்.

"அங்கே வேகமே இல்லையே" என்பீர்கள். வேகம் மூன்று மடங்கானால் பிரேக் தாங்கும் சக்தி ஒன்பது மடங்காகும் என்பது உண்மை. அதையே திருப்பிப் போடுங்கள்: 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது முறை நிறுத்துவதும், விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரேயடியாக நிறுத்துவதும் சமம். விரைவுச்சாலையில் முழுதாக நிறுத்தும்படி எத்தனை முறை நேர்கிறது? சிராங்கூன் சாலையில் ஒன்பது முறை நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது? நீங்களே சொல்லுங்கள்.

காலையில் சிடிஇ விரைவுச்சாலையில் நகரத்தை நோக்கி ஊர்பவர்களுக்கும் இதே கதைதான். ஆட்டோ கியர் காரை 'டி'-யில் போட்டால் அது தானாகவே முன்னால் நகரும். பிரேக்கை அழுத்தி அசையாமல் நிற்கும்போது பேட் தேயாது. காலைப் பாதி எடுத்தும் பாதி அழுத்தியும் உருட்டிக்கொண்டே போனால்தான் அரைபடும். வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சி மாடியிலிருந்து காலை எடுக்காமலே இறங்குகிறீர்களே, அதுவும் கணக்கில் சேரும்.

கெந்திங் மலையிலிருந்து இறங்குவது வேறு விஷயம். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அங்கே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். ஆனால் வருடத்தில் ஒருநாள் ஏறிய மலைமீது பழியைப் போட்டுவிட்டு, மற்ற நாள்களை மறப்பது நியாயமா?

புதிய பேடின் தேயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். ஒரே மாடல் காரில் ஒருவருக்கு 70,000 கிலோமீட்டர் உழைக்கும் பேட், இன்னொருவருக்கு 30,000-த்திலேயே முடிந்துவிடும். வித்தியாசம் காலிலும் சாலையிலும் இருக்கிறது.

மற்ற நம்பிக்கைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: கிரீச் சத்தம் வந்தபின் மாற்றினால் போதும்.
உண்மை: பேடில் வைத்திருக்கும் சிறு தகடு டிஸ்க்கில் உரசும் சத்தம் அது, கடைசி எச்சரிக்கை. கண்ணாடியை ஏற்றி, ஏர்கான் போட்டு, பாட்டு கேட்பவர் காதில் அது விழாது. அதையும் தாண்டினால் இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கும் போய்விடும்.

நம்பிக்கை: வாகனச் சோதனையில் தேறியாச்சு, இனி கவலையில்லை.
உண்மை: மூன்று வயது முதல் பத்து வயது வரை காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சோதனை. அன்றைக்குப் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். மெலிந்த பேடும் அன்று நன்றாகவே பிடிக்கும். அடுத்த இரண்டு ஆண்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

நம்பிக்கை: பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்.
உண்மை: குறைந்தால் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்காவது கசியலாம். காரணம் பார்க்காமல் ஊற்றாதீர்கள். மேலும் அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் மிதி காலடியில் தொய்ந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நம்பிக்கை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்.
உண்மை: இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில் மிச்சமும் இல்லை. சுமை முழுவதும் பிரேக்கின் தலையில்.

நம்பிக்கை: மின்சாரக் காரில் பிரேக்கைப் பார்க்கவே வேண்டாம்.
உண்மை: மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் நெடுநாள் வரும், சரி. ஆனால் வேலையில்லாத பிரேக் துருப்பிடித்து இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

நம்பிக்கை: சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடியப் போகிறது, எதற்குப் புது பேட்?
உண்மை: கடைசி நாளிலும் உங்கள் காருக்கு முன்னால் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபின் என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். உதிரும் பிரேக் பொடி எங்கே போகிறது? கணிசமான பங்கு காற்றில். 2024-இல் ஐரோப்பா ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிகள், புகைக்குழாயோடு நிற்காமல், முதன்முறையாகப் பிரேக் துகளுக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. பஃப்ளோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் அஞ்சடியில் உட்கார்ந்து காலை முதல் இரவு வரை மாலை கட்டுபவர்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். லிட்டில் இந்தியாவுக்கு 2003-இலேயே ரயில் வந்துவிட்டது. 2015-இல் டௌன்டவுன் பாதையும் சேர்ந்தது. நிலையத்தைவிட்டு வெளியே வந்தாலே காய்கறிக் கடை. பிறகும் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்காகக் காரை எடுத்து வந்து, நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றுவது ஏன்? ஞாயிற்றுக்கிழமையாவது காரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

எடுத்தே ஆக வேண்டிய நாளில், முன்வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு வினாடி இடைவெளி விடுங்கள். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அடுத்த சர்வீஸில் "பிரேக் ஓகேவா?" என்று கேட்காதீர்கள். "முன்னால் எத்தனை மில்லிமீட்டர், பின்னால் எத்தனை?" என்று கேட்டு, தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று என்று பதில் வந்தால், அன்றே மாற்றுங்கள்.