குரூப் 4 தமிழில் இணைப்புச் சொல்: முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதத் தயாராகிறீர்களா? பொதுத் தமிழில் இணைப்புச் சொல் கேள்வி வந்தால் அந்த மார்க்கை விட்டுவிடக் கூடாது. முறை தெரிந்தால் போதும். வாங்க, சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

என்ன கேட்பார்கள்?

இரண்டு வாக்கியங்கள், நடுவில் கோடிட்ட இடம். எனவே, ஏனெனில், ஆனால், அதுபோல என்று சொற்களைக் கொடுத்து, எது பொருந்தும் என்பார்கள். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகள், 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

எப்படிப் போடுவது?

முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொள்வோம். அவற்றைப் பார்த்துவிட்டால் எல்லாமே பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். வாக்கியங்களை மட்டும் படித்து, எது காரணம், எது விளைவு என்று கேட்போம்.

"பாலக்காட்டுக் கணவாய் வழியே பலத்த காற்று வீசுகிறது. ____ உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் அதிகம்."

காரணம் முன்னால், விளைவு பின்னால். விடை: எனவே.

இப்போது திருப்பிப் போடுவோம்.

"உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் அதிகம். ____ பாலக்காட்டுக் கணவாய் வழியே பலத்த காற்று வீசுகிறது."

விடை: ஏனெனில். செய்தி அதேதான், வரிசை மட்டும்தான் மாறியது. அவசரத்தில் பலர் சறுக்குவது இங்கேதான்.

காரணமும் இல்லை, விளைவும் இல்லை என்றால்? "கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. ____ ஈரோடு மஞ்சளுக்கும் உண்டு." 'மஞ்சளுக்கும்' என்பதில் உள்ள அந்த 'உம்', விடை 'அதுபோல' என்று காட்டிக்கொடுத்துவிடும். "சிறுவாணி கோவைக்குக் குடிநீர் தருகிறது. ____ அணை இருப்பது கேரளத்தில்." எதிர்பார்த்ததற்கு மாறாகப் போகிறது. விடை: ஆனால்.

உஷார்!

எனவே, அதனால், ஆகையால் மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இவற்றில் இரண்டு விடைப் பட்டியலில் இருந்தால் இரண்டுமே விடையாக இருக்க வாய்ப்பில்லை, கேள்வி தயாரித்தவர் கண்ணயர்ந்தால் ஒழிய! இரண்டையும் அடித்துவிட்டு மீதியைப் பார்ப்போம்.

செலவும் நேரமும்

ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சியும் இலவசம். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுமுன் அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

தேர்வில் 200 கேள்விகளுக்கு 3 மணி நேரம். கேள்விக்கு 54 வினாடி. இணைப்புச் சொல்லை அதில் பாதி நேரத்தில் முடித்தால், மிச்சம் கணக்குக்கு உதவும்.

பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். இன்று ராத்திரியே ஒன்றை இறக்கி, விடைகளை மறைத்துப் போட்டுப் பாருங்கள்.