காக்கத் தக்கவை எவை?

அழிந்தபின் மீண்டும் பெறக்கூடிய பொருள்கள் ஒரு வகை. எவ்வளவு முயன்றாலும் மீண்டும் பெற இயலாத பொருள்கள் மற்றொரு வகை. வெள்ளம் வீட்டினுள் புகும்பொழுது, அறிவுடையோர் அண்டாவையும் குடத்தையும் சுமந்துகொண்டு ஓடார். நிலப் பத்திரத்தையும், முன்னோர் கைப்பட எழுதிய ஏடுகளையுமே முதலில் எடுப்பர். கணிப்பொறிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றோர்க்கும் இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது.

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய அறிஞர்கள் 1969ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கிய இயக்க அமைப்பு யூனிக்ஸ் ஆகும். அதன் நெறியைப் பின்பற்றி 1991ஆம் ஆண்டு லினக்ஸ் தோன்றியது. பலருக்கும் ஒரே காலத்தில் பணிசெய்யும் சர்வர் என்னும் வழங்கிக் கணிப்பொறிகளுள் மிகப் பல இவ்விரு மரபையும் சார்ந்தே இயங்குகின்றன. இவற்றில் உள்ள கோப்புகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்த மரம்போல அமைந்துள்ளன. அம்மரத்தின் கிளைகளே கோப்பகங்கள்.

ஒரு நிறுவனத்தில் ஒன்றுபோல அமைந்த 20 வழங்கிகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றில் உள்ள அனைத்தையும் நாள்தோறும் படியெடுத்தால், ஒரே நிரல்கள் 20 முறை சேமிக்கப்படும். இடமும் வீணாகும், காலமும் வீணாகும். ஆதலின், எக்கோப்பகங்களைப் படியெடுப்பது, எவற்றை விடுப்பது எனத் தேர்தல் வேண்டும்.

'யூஎஸ்ஆர்' என்னும் கோப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் நிரல்கள். அவை எல்லா வழங்கிகளிலும் ஒன்றே. அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியல் ஒன்று இருந்தாலே போதும். எனினும், அதனுள் அமைந்த 'லோக்கல்' என்னும் கிளையில் பொறுப்பாளர் தாமே சேர்த்தவை இருக்கும். அதனைக் காத்தல் வேண்டும். 'டெம்ப்' என்பது அப்போதைக்கு வேண்டியவற்றை இட்டுவைக்கும் இடம். 'ப்ராக்' என்பதோ வட்டில் இருப்பதே அன்று. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு தன் நிலையைக் காட்டும் நிழலே அது. இவ்விரண்டையும் படியெடுப்பதால் பயன் இல்லை.

'ஈடிசி' என்னும் கோப்பகம் அளவிற் சிறியது, மதிப்பிற் பெரியது. வழங்கியின் பெயர், முகவரி, பயனர் விவரம், பணிகளுக்குரிய அமைப்புகள் ஆகியவை அதன்கண் உள்ளன. இரட்டைப் பிள்ளைகளைப்போலத் தோன்றும் வழங்கிகளும் இங்குத்தான் வேறுபடுகின்றன. எனவே, ஒவ்வொரு வழங்கியிலிருந்தும் இதனைத் தனித்தனியே படியெடுத்தல் வேண்டும். பயனரின் உழைப்பெல்லாம் தங்கும் 'ஹோம்' என்பதும் விடத்தக்கது அன்று. 'வார்' என்பது நெல்லும் பதரும் கலந்த களம் போன்றது. அதனுள் எளிதில் மீண்டும் உண்டாகும் தற்காலிகச் சேமிப்பும் உண்டு. அஞ்சல்களும் தரவுத்தளங்களும் உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், ஒரு பகுதி பழையதாகவும் மற்றொரு பகுதி புதியதாகவும் அமைந்துவிடக்கூடும். ஆதலின், அதற்கென அமைந்த கருவியைக் கொண்டே படியெடுத்தல் முறை.

இனி, சேர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவது நன்றோ, விடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவது நன்றோ? ஒருவர் ஒரு வழங்கியில் மட்டும் 'எஸ்ஆர்வி' என்பதன் கீழ்ப் புதியதொரு கோப்பகத்தை அமைக்கிறார். சேர்க்கும் பட்டியல் அதனை அறியாது. அக்குறை, பொருள் அழியும் நாளில்தான் வெளிப்படும். விடுக்கும் பட்டியலோ, தன்னிற் குறிக்கப்படாத அனைத்தையும் காத்துவிடும். வேண்டாததைச் சேர்த்தால் சிறிது இடம் வீணாகும். வேண்டியதை விட்டால் அது மீளாது. ஆகவே, விடுப்பனவற்றை மட்டும் குறிப்பதே பாதுகாப்பான வழி.

தேர்ந்தெடுத்த அளவில் கடமை முடிந்துவிடுமோ? 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நிகழ்ந்ததை நோக்குக. அங்கு ஒத்த அமைப்புடைய தரவுத்தள வழங்கிகள் இரண்டு இருந்தன. துணை வழங்கியின் தரவுக் கோப்பகத்தை அழிக்க எண்ணிய பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மை வழங்கியில் அக்கட்டளையை இட்டுவிட்டார். நொடிப்பொழுதில் தவற்றை உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு மறைந்தது. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பிய படிகளைத் தேடினர். அவை இருக்க வேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது. படியெடுக்கும் கருவி, தரவுத்தளத்தின் பதிப்பினும் பழையதாக இருந்தமையால் பணி தோல்வியுற்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் அஞ்சல்களும் உரியவரைச் சென்று சேரவில்லை. வேறொரு பணிக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் எடுத்த படி ஒன்றே கைகொடுத்தது; இடைப்பட்ட நேரத்தில் தரவுத்தளத்திற் பதிவானவை மீளவில்லை. அந்நிறுவனம் நிகழ்ந்ததை மறையாது உலகிற்கு வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

எனவே, தேர்ந்தெடுத்துப் படியெடுப்பதோடு அமையாது, எடுத்த படியைக் கொண்டு வெறுங் கணிப்பொறி ஒன்றை முழுமையாக எழுப்பிப் பார்த்தலும் காப்போரின் கடமையாகும். பட்டியலில் விடுபட்டது எது என்பது அச்சோதனையில் தெரிந்துவிடும். அஃது இழப்பு நேரும் நாளில் தெரிவதைவிட, சோதனை செய்யும் நாளில் தெரிவதே நன்மை.