புத்தகத்தைத் திறப்பதற்கு முந்தைய இருபது நிமிடம்

இரவு ஏழரை மணி. ஹாலில் சீரியல் ஓடுகிறது. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி இயற்பியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காஸ் விதி டெரிவேஷனின் மூன்றாவது வரியிலேயே நிற்கிறாள். பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடி எழுகிறாள். நோட்ஸ் பிடிஎஃப் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பது நினைவுக்கு வர, போனை எடுக்கிறாள். அதைத் திறப்பதற்குள் தோழியின் ஸ்டேட்டஸ் கண்ணில் படுகிறது. நிமிர்ந்து பார்த்தால் மணி எட்டேகால்; புத்தகத்தில் அதே மூன்றாவது வரி.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. உடனே "உனக்குக் கவனமே இல்ல" என்று திட்டு விழுகிறது. பாவம், அந்தப் பெண் சோம்பேறி இல்லை. படிக்க உட்காரும் முன் முடித்திருக்க வேண்டிய சில வேலைகளை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் முடியக்கூடிய வேலைகள் அவை.

முதலில் ஒரு துண்டுக் காகிதம். "இன்னைக்கு இயற்பியல்" என்று எழுதினால் பயனில்லை; எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாத மனம்தான் அலைபாயும். "காஸ் விதி, முடிவிலா நீளக் கம்பிக்கான டெரிவேஷன், இரண்டு கணக்கு, அந்தப் பாடத்தின் புக் பேக் ஒரு மார்க்" என்று எழுதினால், முடிந்ததும் அடித்துவிடலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவு போதும்.

அடுத்து, பொருட்கள். பாடப்புத்தகம், ரஃப் நோட்டு, எழுதிப் பார்த்த இரண்டு பேனா, லாக் டேபிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட வேண்டும். எதையாவது எடுக்க எழுந்தால், வழியில் டிவி இருக்கிறது.

இனி போன். இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன. சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருடைய போனும் சைலண்டில்தான் இருந்தது. சிலர் அதை மேசைமேல் வைத்தார்கள், சிலர் பையில், சிலர் வேறு அறையில். கவனம் தேவைப்பட்ட சோதனைகளில் வேறு அறையில் வைத்தவர்கள் மேசைமேல் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் போன் எட்டாத இடத்தில் இருந்தால் கை அதைத் தேடிப் போகாது. இதற்கு ஆய்வு தேவையில்லை.

"நோட்ஸே போன்லதானே இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரத்து பிடிஎஃப்களை மொத்தமாகச் சேர்த்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிடலாம். கொஞ்சம் செலவுதான், ஆனால் வாரம் முழுக்கப் போனைத் திறக்க ஒரு சாக்கு குறைகிறது. மணி பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும். தோழிகளிடம் "ஒன்பதரைக்கு மேல பேசறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்துவிடலாம்.

வீட்டாரிடம் பேசுவதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான். நாள் முழுக்க அமைதி கேட்டால் எந்த வீட்டிலும் கிடைக்காது. "ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் டிவி வேண்டாம்மா" என்று நேரம் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பாமல் இருப்பது பெரியவர்கள் செய்யும் பெரிய உதவி. அப்படியும் முடியாத வீடுகளுக்கு விடியற்காலை இருக்கிறது. ஆனால் ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் பத்து மணிக்குள் படுக்க வேண்டும். படித்தது மனதில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு; அதில் கைவைக்கக் கூடாது.

தேர்வு வரும் மார்ச் மாதம் மாசி, பங்குனித் திருவிழாக் காலமும்கூட. தெருவில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் மனப்பாடம் ஏறாது. அந்த நேரத்தைக் கணக்குப் போடவும் படம் வரையவும் ஒதுக்கலாம். கை வேலை செய்யும்போது சத்தம் அவ்வளவாக உறைக்காது. நூலகமும் நல்ல வழி. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தையோ கிளை நூலகத்தையோ நாடலாம்.

உட்கார்ந்த பிறகு எவ்வளவு நேரம் தொடர்ந்து படிப்பது? இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரிலோ, மாணவராக இருந்த 1980-களின் இறுதியில், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை உருவாக்கினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்கு உள்ள 'பொமொடோரோ' என்ற சொல்லே அந்த முறைக்குப் பெயராகிவிட்டது. பழக்கமில்லாதவர்கள் தொடங்க இது நல்ல அளவு. ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு உட்கார்ந்தால், வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், எழுத மூன்று மணி நேரம் என்று 1.15 வரை எழ முடியாது. அதனால் மெல்ல மெல்ல 45 நிமிடத்துக்கு நீட்டி, பிப்ரவரி ஞாயிறுகளில் அதே 10 மணிக்குப் பழைய வினாத்தாளோடு உட்கார்ந்து 1.15-க்கு எழுந்து பழக வேண்டும்.

நடுவில் "ரெக்கார்டு நோட்ல சைன் வாங்கலையே" என்று ஏதாவது மனதில் ஓடினால், பக்கத்தில் இருக்கும் ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு டெரிவேஷனுக்குத் திரும்பலாம். எழுதி வைத்தது ஓடிப் போகாது என்று தெரிந்தால் மனம் அதை விட்டுவிடும்.

கண் வரியில் ஓடியும் ஒன்றும் ஏறாவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்ப்பது நல்லது. உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை மட்டும் படித்து, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். எழுதும் கைக்கு வேலை இருக்கும்வரை மனம் ஹாலுக்குப் போகாது.

ஒன்பது மணி அடித்ததும், போனை வாங்கப் போகும் முன் ஒரே ஒரு வேலை. முடித்தவற்றைத் துண்டுக் காகிதத்தில் அடித்துவிட்டு, நாளைக்கு எந்த வரியில் தொடங்க வேண்டும் என்று அதன் பின்பக்கம் எழுதி, புத்தகத்தில் அந்த வரி உள்ள பக்கத்திலேயே செருகி வைக்க வேண்டும். எழுதும் பேனாவும் அங்கேயே இருக்கட்டும்.