பூமாலைக்கு மேலே தெரிவது எது?

மாலை மாற்றி முடிந்ததும் மணமேடையில் இருக்கும் பெண்ணைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே இடுப்பு வரை ரோஜாவும் சம்பங்கியும்தான். பத்து சவரன் போட்டு வாங்கிய ஆரமும் காசுமாலையும் அந்தப் பூவுக்கு அடியில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நெற்றிச்சுட்டி, தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி, கழுத்தை ஒட்டிய அட்டிகை, கை வளையல், அவ்வளவுதான். தாலி கட்டும் படம் எந்த ஆல்பத்திலும் இப்படித்தான் இருக்கும்.

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் நகை எடுக்க என்னையும் கூட்டிப் போவார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பணத்தை ‘மொத்தம் இத்தனை சவரன்’ என்று ஒதுக்காதீர்கள். காதுக்கு எவ்வளவு, கழுத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று பிரியுங்கள். அதற்கும் முன்னால், கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து இந்தப் பெண் எதைப் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று அவளையே கேளுங்கள். கடைக்குக் கிளம்பும் கூட்டத்தில் அம்மா, பெரியம்மா, மாமியாராக வரப்போகிறவர் என்று எல்லோரும் பேசுவார்கள். போட்டுக்கொள்ளப் போகிறவள் பெரும்பாலும் கடைசியாகத்தான் வாயைத் திறப்பாள். எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்காது.

என் அண்ணன் மகள் பிசியோதெரபிஸ்ட். வேலை நேரத்தில் கையில் எதுவும் போட முடியாது. அவளுக்காகக் கோயம்புத்தூரில் நகை பார்க்கப் போனபோது அண்ணி கெட்டி வளையல் தட்டையே எடுத்து வைக்கச் சொன்னார். இவள் என் காதோடு, “அத்தை, தெனமும் போடற மாதிரி ரெண்டு சாமான் போதும். மத்ததெல்லாம் லாக்கருக்குத்தானே போகும்?” என்றாள். அன்றைக்கு வாங்க வேண்டியதை மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதினோம். தினமும் போடுவது, விசேஷத்துக்குப் போடுவது, முகூர்த்தத்துக்கு மட்டும் போடுவது. மூன்றாவதில் வந்த எதையும் தங்கத்தில் வாங்கவில்லை.

அந்த மூன்றாவது வரிசை பெரியது. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம் எல்லாம் அதில் வந்துவிடும். இவற்றுக்கு நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகள் இருக்கின்றன. வெள்ளியில் கட்டி, சிவப்பு கெம்புக் கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டிச் செய்யும் வேலை. புவிசார் குறியீடு பெற்றது. பரதநாட்டியக் கலைஞர்கள் மேடையில் போடுவதும் இதே வகைதான். பட்டுப் புடவைக்கு இதைவிடப் பொருத்தமான நகை எனக்குத் தெரியாது. ஒட்டியாணத்தைத் தங்கத்தில் செய்தால் கல்யாணச் செலவில் பெரும் பங்கை அதுவே விழுங்கிவிடும். அதன் பிறகு அதை எத்தனை முறை எடுத்துக் கட்டுவாள்? வெள்ளியில் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். எதுவானாலும் அளவு பார்க்கும்போது பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி சரியாக இருந்த ஒட்டியாணம் மனையில் உட்கார்ந்ததும் வயிற்றை அழுத்தும். சடங்கு முடியும் வரை பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

விசேஷத்துக்கான இரண்டாவது வரிசையில்தான் பணம் அதிகமாகப் போகும். பார்த்து வாங்க வேண்டிய இடமும் அதுதான். இப்போது எல்லோரும் கேட்பது லட்சுமி, மயில், அன்னம் என்று உருவங்கள் வைத்த ஆன்டிக் ஆரம். கையால் செதுக்கிய நகாசு வேலைக்கும் அச்சில் வார்த்த வேலைக்கும் சேதாரத்தில் வித்தியாசம் இருக்க வேண்டும். பல கடைகளில் இரண்டுக்கும் ஒரே சேதாரம் போடுகிறார்கள். நகையை வாங்கிக் கையில் வைத்து, வரிசையாக இருக்கும் லட்சுமி முகங்களை உற்றுப் பாருங்கள். கைவேலையில் ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் கண்ணிலோ கிரீடத்திலோ மயிரிழை வேறுபாடு இருக்கும். கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்த்ததில் எல்லா முகமும் அச்சு மாறாமல் இருக்கும். ஓரங்கள் மழுங்கியிருக்கும். திருப்பிப் பார்த்தால் சில இடங்களில் பொடிப் பொடியாகக் குழிகள்கூடத் தெரியும். வார்த்தது மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கைவேலைக் கூலி கொடுக்கக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சவரன் ஆரம் என்றால் 40 கிராம். சேதாரம் 20 சதவீதம் என்றால் 8 கிராம், அதாவது முழுசாக ஒரு சவரன். பேசி 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 4.8 கிராம். இடையில் இருக்கும் 3.2 கிராமில் ஒரு மோதிரமே செய்யலாம். இதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நாளைக்கு இதே நகையை விற்கப் போனால் சேதாரத்தில் ஒரு குண்டுமணிகூடத் திரும்பி வராது. கூச்சப்படாமல் பேசுங்கள். கோயம்புத்தூர் ராஜ வீதிப் பக்கம் பட்டறைகளில், நகை செய்பவர்கள் உட்கார்ந்த இடத்தின் தூசியைக்கூடக் கூட்டிப் பத்திரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் பொன்துகளைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். நாம் கொடுக்கும் சேதாரம் எல்லாம் காற்றில் கரைந்து போவதில்லை.

கல் வைத்த நகையில் இன்னொரு கணக்கும் உண்டு. தராசில் 46 கிராம் காட்டுகிறது, அதில் கல் 6 கிராம் என்றால், தங்க விலை 40 கிராமுக்குத்தான். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக வர வேண்டும். “கல்லும் சேர்த்துத்தாங்க வெல” என்று யாராவது சொன்னால், தயங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வரவேற்புக்கு வடக்கத்திக் குந்தனும் போல்கியும் வேண்டும் என்று இப்போதைய பெண்கள் ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான். பட்டை தீட்டாத வைரமும் பச்சை மணிகளும் சேர்ந்த ஒரு ஜெய்ப்பூர் சோக்கர், வெளிர் நிற லெஹங்காவுக்கு அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நகைகளுக்குள் அரக்கு இருக்கும், எடையில் அதுவும் சேரும். குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ஆகவே தங்கம் எத்தனை கிராம், என்ன தரம் என்று எழுதி வாங்காமல் பெரிய தொகையை அதில் போடாதீர்கள். ஒரு மாலை நேரத்துக்கு மட்டும் என்றால் வெள்ளியில் செய்த போல்கி மாதிரியே போதும். அண்ணன் மகள் அதைத்தான் போட்டாள். படத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்ற தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயம். அதில் மூன்று இருக்கும்: பி.ஐ.எஸ். சின்னம், தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. 22 காரட்டுக்கு 916, 18 காரட்டுக்கு 750. 2023 ஏப்ரலிலிருந்து எச்.யு.ஐ.டி. இல்லாமல் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான சின்னச் சாமான்களுக்கு விலக்கு உண்டு. கடையில் பூதக்கண்ணாடி கேளுங்கள், கொடுப்பார்கள். அந்த எண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் என்ன நகை, என்ன தரம், எங்கே சோதித்தது என்று வந்துவிடும். காசு கொடுப்பதற்கு முன்னால், அங்கேயே நின்று பாருங்கள். பின்னாளில் சுத்தம் குறைவு என்று தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற 2018 பி.ஐ.எஸ். விதிகளில் இடம் இருக்கிறது. அதற்குப் பில் வேண்டும். எஸ்டிமேட் சீட்டு செல்லாது.

தினமும் போடும் முதல் வரிசைக்கு வருவோம். எங்கள் பெண்ணுக்கு அதில் வைரத்தோடு, மெல்லிய சங்கிலி, தாலிக்கொடி மூன்றும்தான். வைரம் 18 காரட்டில் வருவதைப் பார்த்து “தங்கம் மட்டமா?” என்று அண்ணி கேட்டார். மட்டம் இல்லை. 22 காரட் மிருது, கல்லைக் கவ்வும் முனைகள் தேய்ந்து வளையும். 18 காரட் இறுக்கிப் பிடிக்கும். தோட்டின் பின்பக்கம் திறந்திருக்கும்படி வாங்குங்கள். கல்லைப் பின்னாலிருந்தும் பார்க்கலாம், சுத்தம் செய்வதும் சுலபம். ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. சான்றிதழ் கேளுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, விலையும் மிகக் குறைவு. அழகுக்கு வாங்கலாம். ஆபத்துக்கு விற்கலாம் என்று நினைத்து வாங்கக் கூடாது.

தாலிக்கொடிக்கு அவசரப்பட வேண்டாம். முகூர்த்தத்தில் கட்டுவது மஞ்சள் கயிற்றில்தான். பிரித்துக் கோர்க்கும் நாளுக்குள் கொடி வந்தால் போதும். தண்ணீரிலும் தூக்கத்திலும் கழுத்திலேயே கிடப்பது அது. உள்ளே பொள்ளலாக, பார்வைக்குத் தடிமனாக இருப்பதை வாங்காதீர்கள். மெல்லியதானாலும் கெட்டியாக இருக்கட்டும்.

ஜிமிக்கியை மாட்டிக்கொண்டு கடையிலேயே அரை மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். காது இழுத்தால் மாட்டல் வைத்துப் பாருங்கள். பாரத்தைக் கூந்தல் தாங்கிக்கொள்ளும். திருகாணி சுற்றும்போது இடறினால் அப்போதே மாற்றுங்கள். அட்டிகைக்கும் ஆரத்துக்கும் பின்னால் தங்கச் சங்கிலிக்குப் பதில் நூல்கயிறு போடச் சொன்னால் சில கிராம் மிஞ்சும். ரவிக்கைக் கழுத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கவும் முடியும். ஆன்டிக் மெருகின் மேல் சென்ட் அடிக்காதீர்கள். அலங்காரம் முழுக்க முடிந்த பிறகு நகையைப் பூட்டுங்கள்.

“எத்தன பவுன் போடறீங்க?” என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேள்வி வந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. எடையைக் காட்டுவதற்காகவே பொருந்தாத நகையெல்லாம் வாங்குவார்கள். அப்படிக் கேட்பதே 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். அண்ணன் அந்தக் கேள்விக்கு, “புள்ளைக்குப் புடிச்சதப் போடறமுங்க” என்று மட்டும் சொன்னார். எண் எதுவும் சொல்லவில்லை.

ஆசையாகக் கொடுப்பதற்கும் பட்டியல் வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் 1985ல் வந்த விதிகளே, பெண்ணுக்கு வந்த அன்பளிப்பு என்ன, மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கின்றன. பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணின் சொத்து, அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. எங்கள் பெண் ஒவ்வொரு நகையையும் பில்லோடு சேர்த்து வைத்துப் படம் எடுத்தாள். நிகர எடையையும் எச்.யு.ஐ.டி. எண்ணையும் அவளே கைப்பட எழுதினாள். லாக்கரும் அவள் பெயரில்தான் இருக்கிறது, சாவியும் அவளிடம்தான்.