இணையத்தளம் அமைக்கும் மொழிகள்

இணையத்தளம் அமைக்க எம்மொழி கற்கலாம் என மாணவர் வினவுவர். உலாவியினுள்ளே தெரிவுக்குப் பெரிதும் இடமில்லை. 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதலுருத் தந்த ஜாவாஸ்கிரிப்ற் அங்கே கோலோச்சுகின்றது. வழங்கியிலேதான் போட்டி. அதே ஆண்டில் ராஸ்மஸ் லேர்டோர்ஃப் வெளியிட்ட பீ.எச்.பி., வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு வேண்டுகோளையும் புதிதாகத் தொடங்கி, விடையளித்ததும் நினைவைத் துடைத்துவிடும். ஆதலின், ஒருவர் வேண்டுகோளில் நேர்ந்த வழு பெரும்பாலும் அடுத்தவரைத் தீண்டாது. 2009இல் ஜாவாஸ்கிரிப்ற்றை வழங்கிக்குக் கொணர்ந்த நோட், ஒரே பணியாள் பந்தி முழுவதையும் கவனிப்பது போன்றது. உடனுக்குடன் உரையாடும் தளங்களுக்கு அது மிக ஏற்றது. ஆயின் நெடுங்கணக்கு ஒன்றில் அப்பணியாள் மூழ்கின், பந்தியில் இருப்போர் யாவரும் காத்திருக்க வேண்டியதே! தொடக்க மாணவர்க்கு, வழுப் பொறுக்கும் பீ.எச்.பி.யையே யாம் விதந்துரைப்போம். பழைமையென இகழ்வார் இகழ்க. விக்கிப்பீடியா அதன்மீதே இயங்குகின்றது.