நாணயம் காட்டும் ஆண்டு

அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டு நினைவாக வெளிவந்த ஒரு ரூபாய் நாணயத்தில் 1990 என்னும் ஆண்டு பொறிக்கப்பெற்றுள்ளது. அதில் நூற்றைக் கழித்து, அவர் பிறந்தது 1890 என்று நாம் கொண்டால் பிழையாகும். அண்ணல் பிறந்தது 14-4-1891.

பிழை நாணயத்தினுடையதன்று, நாம் படிக்கும் முறையினுடையது. 14-4-1990-இல் அவருடைய நூறாவது ஆண்டு தொடங்கிற்று, 14-4-1991-இல் நிறைவுற்றது. தொடங்கிய ஆண்டையே நாணயம் தாங்கி நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 10 ரூபாய், 125 ரூபாய் நாணயங்களும் அவ்வாறே 125-ஆம் ஆண்டின் தொடக்கத்தைக் காட்டுவன. அவை வெளியிடப்பெற்ற டிசம்பர் 6, அண்ணல் 1956-இல் மறைந்த நாளாகும்.

புத்த சகாப்தக் கணக்கிலும் இவ்வேறுபாடு உண்டு. பகவானின் பரிநிர்வாணத்தையொட்டிய 2500-ஆம் ஆண்டு விழாவை இந்தியாவும் இலங்கையும் 1956 வைசாகப் பௌர்ணமியில் தொடங்கின. தாய்லாந்து 1957-இல் கொண்டாடிற்று. முன்னது நடப்பாண்டை எண்ணும் முறை. பின்னது நிறைந்த ஆண்டை எண்ணும் முறை. மரபுகள் முரண்படுகின்றன என்று மயங்க வேண்டா.

நம் பெங்களூர் மகாபோதி சங்கம் நிறுவப்பெற்றது 1956-இல். அதன் ஐம்பதாம் ஆண்டு தொடங்கியது 2005, நிறைந்தது 2006. இரண்டும் மெய்யே.

ஆதலின், நினைவு நாணயத்தைக் கையிலெடுக்குந்தோறும், இது நிகழ்ந்த ஆண்டா, தொடங்கிய ஆண்டா, நிறைந்த ஆண்டா என்று வினவுவோமாக. ஆராய்ந்து ஏற்பதன்றோ பகவான் காட்டிய நெறி!